உப்புக் காற்றும் வில்லுக்கத்தியும்

திருகோணமலையில் என் வயதொத்த ஆண்களிடம் "ஒரு கத்தி இருக்கா?" என்று கேட்டால் குசினிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய அப்பாமாரிடம் இதையே கேட்டிருந்தால் கை நேரே இடுப்புக்குப் போயிருக்கும். வெற்றிலைக் காம்பு வெட்ட, பாக்குச் சீவ, புகையிலை நறுக்க, அரிசிச் சாக்கின் தையலைப் பிரிக்க, தூண்டிலுக்குக் கணவாயைத் துண்டு போட என்று நாளெல்லாம் அதற்கு வேலை இருந்தது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முதலாளிமார் சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட்டில் காசுக்கு ஒரு பை, வில்லுக்கத்திக்கு, அதாவது மடக்குக்கத்திக்கு, ஒரு பை என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மீன் சந்தையில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணர்) கணக்கெழுதுகிற பென்சிலை அதே கத்தியால் சீவிவிட்டு, அதே கத்தியால் மாம்பழமும் வெட்டித் தருவார். கழுவினாரா என்று யாரும் கேட்டதில்லை.

நான் இப்போது தினமும் ஒரு மடக்குக்கத்தியோடுதான் வெளியே போகிறேன். வீட்டில் ஒரு மரப்பெட்டியில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "ஏன், யாரோடும் பகையா?" என்றுதான். சினிமா செய்த வேலை அது. என் கத்தியால் ஒருவரைப் பயமுறுத்த வேண்டுமென்றால் முதலில் இரண்டு கையாலும் அதைத் திறக்க வேண்டும், நகம் வைக்கிற பள்ளத்தைத் தேட வேண்டும், கண்ணாடியும் போட வேண்டும். அதற்குள் அவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

பழைய பாணி மடக்குக்கத்தியில் பூட்டு என்று ஒன்று கிடையாது. பிடியின் முதுகில் நீளமாகக் கிடக்கிற எஃகுத் தகடுதான் வில். அது அலகின் அடிக்கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகை இழுத்தால் வில் கொஞ்சம் எழும்பும், முழுதாகத் திறந்ததும் "டக்" என்று விழுந்து பிடித்துக்கொள்ளும். மூடும்போதும் அப்படியே. அவ்வளவுதான் பொறி. முதுகுப் பக்கம் அழுத்தினால் விரலில் மூடிக்கொள்ளும் என்பதால் இந்தக் கத்தியால் குத்த முடியாது, வெட்ட மட்டும்தான் முடியும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மடக்கி இடுப்பில் செருகுகிற கத்தி வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஓலையில் எழுதிய காலத்து மடக்கெழுத்தாணியை எங்கேயாவது அருங்காட்சியகத்தில் கண்டால் நின்று பாருங்கள். ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை வாருகிற சின்னக் கத்தி, இரண்டும் நடுவில் உள்ள பிடிக்குள் மடங்கிவிடும். கணக்கப்பிள்ளைமாரும் புலவர்மாரும் அதைக் கொண்டு திரிந்தார்கள். கண்டியப் பட்டறைகளில் செய்த பிஹா கெத்த என்ற கத்தியும் இதற்குச் சொந்தக்காரன்தான், மடங்காதே தவிர அதன் உறையிலேயே எழுத்தாணிக்கும் இடம் இருக்கும்.

ஆனால் எங்கள் ஊருக்கு மடக்குக்கத்தி குவிந்து வந்த வழி பிரிட்டிஷ் கடற்படை. அதை மறுக்க முடியாது.

பெரியப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல் திருத்துகிற தளத்தில், கயிறு வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட்டபோது அவர் சிறுவன். யுத்தம் முடிந்த பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் ஒரு கடற்படைக் கத்தி இருந்தது. கறுப்புப் பிடி, வழுக்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும். ஒரு பக்கம் அலகு, கூடவே தகரம் திறக்கிற கொக்கி, முதுகுப் பக்கம் விரல் நீளத்துக்குக் கூரான ஓர் ஊசி. அந்த ஊசியைக் கயிற்றின் புரிகளுக்கு நடுவில் குத்தித் திருகி, இடைவெளி உண்டாக்கி, இன்னொரு புரியை நுழைத்துப் பின்ன வேண்டும். பெரியப்பா இதைப் பார்க்காமலே செய்வார். வீட்டில் அதே ஊசிக்கு வேறு வேலைகள் வந்தன: தேங்காய்க் கண் திறக்க, நனைந்து இறுகின முடிச்சை நெகிழ்த்த, செருப்பு வாருக்கு ஓட்டை போட.

அந்த அலகுக்கு முனையே இல்லை. முதுகு வளைந்து இறங்கி வெட்டுவாயோடு சேர்ந்துவிடும். சின்ன வயதில் எனக்கு அது உடைந்த கத்தி மாதிரித்தான் தெரிந்தது. ஆடுகிற கப்பலில் கூர் முனை இருந்தால் பக்கத்தில் நிற்பவன் வயிற்றில் ஏறிவிடும் என்று பெரியப்பா சொன்னார். வெட்டுவாய் நேராக இருப்பதால் கயிற்றைப் பலகையில் வைத்து, மேலே அலகை வைத்து, முதுகில் மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் மொத்தக் கயிறும் துண்டாகிவிடும். அலகின் அடியில் அம்புக்குறி ஒன்று பொறித்திருக்கும். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. அரசாங்கச் சொத்து பெரியப்பாவின் மடிக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பார். 1957 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது இப்படி எத்தனையோ சாமான்கள் ஊருக்குள் இறங்கின. கம்பளி, தகரப் பெட்டி, பித்தளைக் கொக்கி, கத்தி. சில வீடுகளில் இன்னும் கிடக்கும்.

எண்பதுகளில் கத்திகள் மடியை விட்டுப் போயின. யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி வந்தது, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறபோது மடியில் ஒரு கத்தி இருப்பது என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாக்குச் சீவத்தான் என்று எந்த மொழியில் சொல்வது? கிழவர்கள் பாக்குவெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்கள், இளைஞர்கள் நகவெட்டிகூட வைத்திருக்கவில்லை. வீடு வீடாகத் தேடல் நடந்த ஒரு நாள் விடியற்காலையில் பெரியம்மா அந்தக் கடற்படைக் கத்தியை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

கனகாலம் கழித்துக் கிணறு இறைத்துச் சேறு அள்ளினபோது அது வந்தது. கறுப்புப் பிடி அப்படியே இருந்தது. எஃகு முழுவதும் ஒரே துருக் கட்டியாகி அலகு, கொக்கி, ஊசி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் திறக்கவில்லை. என் பெட்டியில் திறக்காத கத்தி அது ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கத்திப் பைத்தியம் எனக்குப் பிடித்தது என்று மனைவி சொல்கிறார். இருக்கலாம்.

2009க்குப் பிறகு சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பழைய இரும்புக் கடைகளில் சாமான் குவிந்தது. ஊரை விட்டுப் போனவர்களின் வீடுகளைத் துப்புரவாக்கினார்கள், பூட்டிக்கிடந்த அலுமாரிகளைத் திறந்தார்கள். ஆணி, பூட்டு, சைக்கிள் செயின் குவியலுக்குள் கை விட்டுத் தேடினால் எப்போதாவது ஒரு மடக்குக்கத்தி அகப்படும். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாத மலிவுச் சரக்கு. சிலவற்றின் அலகைத் துடைத்தால் ஷெஃபீல்ட் என்று, இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊரின் பெயர் தெரியும். அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் விலை கேட்க வேண்டும். இந்தக் கலையில் நான் நல்ல தேர்ச்சி.

என்னிடம் உள்ளதில் நல்லது ஜோசப் ரொட்ஜர்ஸ் என்ற ஷெஃபீல்ட் கம்பனியின் கத்தி. அவர்களுடைய அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நன்றாக ஓடின பெயர், அதனால் போலியும் நிறைய. அலகில் பொறித்த கிரீடத்தின் இரு பக்கமும் இருக்கிற எழுத்தைப் பார்த்து விக்டோரியா காலமா ஜோர்ஜ் காலமா என்று ஓரளவு சொல்லலாம். என்னுடையது ஜோர்ஜ் காலம். பிடி மரைக்கொம்பு. ஷெஃபீல்ட்காரர்கள் கொம்புப் பிடிக்கு விரும்பி வாங்கியது இந்தியாவிலிருந்து போன மரைக்கொம்பைத்தான். உள்ளே பஞ்சு போல இல்லாமல் கெட்டியாக இருக்கும், ஆணி அடித்தாலும் பிளக்காது. கோட்டைக்குள் புல் மேய்கிற எங்கள் புள்ளிமான்களின் கொம்பு அந்த வேலைக்குச் சரிவராது, மெலிவு.

சேர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆமையோடு போலவும் முத்துச்சிப்பி போலவும் பளபளக்கிற பழைய பிடிகள் பல செல்லுலோயிட். அது வயதாகும்போது தானாகவே சிதையும், சிதையும்போது அமில ஆவி விடும். அந்த ஆவி பக்கத்தில் உள்ள கத்தியையும் தின்னும். அழகான பச்சைப் பிடிக் கத்தி ஒன்று என் பெட்டியில் பக்கத்து அலகுகளைக் குழி குழியாக்கிவிட்டது. இப்போது அதைத் தனியாக, மூடாத ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், தொற்றுநோயாளியைப் போல.

ஆனால் எங்கள் ஊரில் முதல் எதிரி செல்லுலோயிட் இல்லை, காற்று. மூன்று பக்கமும் கடல். டச்சு வளைகுடாப் பக்கம் வீடிருப்பவர்களைக் கேளுங்கள், ஜன்னல் கம்பியும் டிவி பெட்டியின் பின்பக்கமும் என்ன ஆகின்றன என்று. உப்புத் துகள் படிகிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, அப்புறம் துரு தொடங்கிவிடும். பழைய கத்திகள் எல்லாம் கரிம எஃகு, அதாவது துருப்பிடிக்கிற எஃகு. கூருக்கு அதை அடிக்க ஆளில்லை, சாணைக்கல்லில் நாலு இழுப்பில் ஏறிவிடும். ஆனால் மார்கழி வாடையில் ஒரு கிழமை மறந்துவிட்டால் சிவப்புப் புள்ளி வந்துவிடும். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் மோசம், தோல் ஈரத்தைக் குடித்துவிட்டு அலகுக்கு ஊட்டும்.

நான் கண்ட மட்டில் இந்த ஊரில் கத்தியைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. பைக்குள் வைத்துத்தான் காப்பாற்றலாம். பாவிக்கிற கத்தியைக் கழுவுகிறோம், துடைக்கிறோம், திறந்து மூடுகிறோம், கூர் பார்க்கிறோம். வில்லுக்கும் அலகுக்கும் நடுவில் அழுக்கு நிற்க நேரமில்லை. அதிலும் பாக்கும் மாங்காயும் வெட்டினால் அலகு கறுத்துப்போகும். காயிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து போடுகிற கறுப்பு அது. அதைத் தேய்த்து வெள்ளையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அந்தக் கறுப்பு ஏறின அலகில் சிவப்புத் துரு லேசில் பிடிக்காது. ஆகவே பெட்டியிலுள்ள கத்திகளுக்கு முறை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் என் காற்சட்டைப் பையில் ஊர் சுற்றும். வேலை செய்யும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பொருத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு உள்ளே போகும். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், பழம் வெட்டுகிற அலகில் மெஷின் எண்ணெய் வாசம் வரக் கூடாது. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் போல ஒட்டும்.

கூர் தீட்டுவதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு சாத்திரம். சைக்கிளில் சக்கரம் பூட்டிக்கொண்டு வருகிற சாணைக்காரரிடம் பழைய கத்தியைக் கொடுக்காதீர்கள், நெருப்புப் பொறி பறக்கப் பறக்க அலகின் பதம் போய்விடும், பாதி எஃகும் போய்விடும். ஒரு சின்னக் கல், கொஞ்சம் தண்ணீர், அலகை இருபது பாகை அளவுக்குச் சரித்துப் பிடித்தால் போதும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் இழுத்தாலும் சரி. கோப்பை அடியில் கறுப்புக் கோடு விழும், வீட்டில் பேச்சு விழும்.

நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிற படகுக்காரத் தம்பி ஒருவரிடமிருந்து எனக்கு ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தி வந்தது. பிரான்ஸிலிருந்து வந்த ஒரு சோடி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவருக்கு அதில் விருப்பமில்லை, "அண்ணை, இது மரம், தண்ணிக்குச் சரிவராது" என்றார். சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் தொடங்கின கத்தி, அலகில் முடிசூடின ஒரு கை அடையாளம். வில் கிடையாது, மரப்பிடியின் பிளவுக்குள் அலகு இறுகி நிற்கும். 1955இல் கழுத்தில் ஒரு சுற்றுப் பூட்டு வளையம் சேர்த்தார்கள். பீச் மரம் என்பதால் எங்கள் காலநிலைக்கு அது ஈரமானியாகவே வேலை செய்கிறது. கச்சான் காற்றில் தளர்ந்து ஆடும், வாடையில் ஊதிப்போய் அலகு வெளியே வரவே மறுக்கும். அதற்கு அந்த நாட்டாரே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். கேட்கப் பொய் மாதிரி இருக்கும், செய்து பாருங்கள். தேனீ மெழுகை உருக்கிப் பிளவுக்குள் விட்ட பிறகு என்னுடையது ஓரளவு அடங்கியிருக்கிறது.

சுவிஸ் கத்தி என்னிடம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1897இல் பதிவான அந்த வடிவம் மனிதன் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, துருவும் பிடிக்காது. கடலுக்குப் போகும்போது அதைத்தான் எடுத்துப் போவேன். திருக்கடலூர் நண்பரின் படகில் இயந்திரத்தின் விசிறியில் நைலோன் வலை சுற்றி, நடுக்கடலில் நின்றுபோய், குனிந்து குனிந்து வெட்டி எடுத்தது அந்தச் சிவப்புக் கத்திதான். ஆனால் அதன்மேல் எனக்குக் காதல் வரவில்லை. அது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டில் இந்தப் பெட்டிக்கு ஒரு மாதிரியான சமாதானம்தான் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, சண்டை வரும், கீழே வைத்துத்தான் மற்றவர் எடுக்க வேண்டும் என்பதில் மனைவி கண்டிப்பு. நான் கேட்டு நடப்பேன். ஆயுதபூசைக்குக் கும்பத்துக்குப் பக்கத்தில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், மண்வெட்டியோடு என் கத்திகளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வாள்களையும் கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தபோது பொட்டு வைத்த கையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. "என்னப்பா, இதுகளை என்ன செய்யப் போறியள்?" அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு என்று அறிவித்திருந்தார்கள்தான். ஆனாலும் ஒரு பெட்டி நிறைய மடக்குக்கத்தி வைத்திருப்பவன் அதில் எதனால் பாக்கு வெட்டுகிறான் என்று யாராவது கேட்டால்? எல்லாவற்றாலும்தான் என்ற உண்மையான பதிலை யார் நம்புவார்கள்? அவர் கண் கிணற்றுப் பக்கம் போனதை நான் பார்த்தேன். சில மாதம் அவை மனைவியின் அக்கா வீட்டில், தையல் சாமான் பெட்டிக்கு அடியில் இருந்தன.

லண்டனில் இருக்கிற மருமகன் போன தடவை வந்தபோது ஒப்பினெல்லைக் கேட்டார். கொடுக்கவில்லை. அந்த நாட்டில் 1988இல் வந்த சட்டப்படி, அலகின் வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்குள் இருந்து, பூட்டு இல்லாமல் மடங்கினால்தான் காரணம் கேட்காமல் வெளியே கொண்டு போக விடுவார்கள். ஒப்பினெல்லில் அந்த வளையம் பூட்டாகிவிடும், என்னிடமுள்ள எட்டாம் இலக்க அளவுக்கு அலகின் நீளமும் கூட. பெரியப்பாவின் கத்தியில் பூட்டு இல்லை, ஆனால் அது திறக்காதே. கடைசியில் ஒரு சின்ன இரட்டை அலகுப் பேனாக்கத்தி கொடுத்து, கைப்பையில் வைக்காதே, பெரிய பெட்டியில் போடு என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன்.

இப்போது என் மண்டையைக் குடைகிற விஷயம் வேறு. இவ்வளவு கத்தியும் வெளியூர்க் கத்தி. எங்கள் கொல்லர்கள் லொறியின் வில்லுத் தகட்டை அடித்து எவ்வளவு நல்ல கத்தி செய்கிறார்கள், மடக்குக்கத்தி ஒன்று ஏன் செய்யக் கூடாது? தம்பலகாமம் பக்கத்தில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற ஓர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். படம் கீறிக் காட்டினேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

அலகு அவருக்கு ஒரு வேலையே இல்லை. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி மெதுவாகச் சூடாக்கி வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட்டார். தாளை அப்படி வெட்டியது. வில்தான் சிக்கல். அதே நிறத்தில் எடுத்தால் வெட்டுவாய்க்கு நல்லது, வில்லுக்குக் கூடாது, வளைத்ததும் முறிந்துவிடும். நீலம் வரும்வரை சூடேற்ற வேண்டும். முதலில் செய்தது முறிந்தது. அடுத்ததை நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டார், அது வளைந்தபடியே நின்றுவிட்டது. பிறகு நிறம் சரியாக வந்தும் அலகு பாதி வழியில் இறுகி நின்றது. அலகின் அடிக்கட்டை எந்த வளைவில் இருக்க வேண்டும், வில்லை எவ்வளவு முன்கூட்டியே வளைத்துப் பூட்ட வேண்டும் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அன்று என் பையிலிருந்த முறை ரொட்ஜர்ஸுடையது. ஐயா அதை வாங்கித் திறந்தார், மூடினார், காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திறந்தார்.

"தம்பி, இதைக் கழற்றாமல் பார்க்க ஏலாது. இந்த ஆணியை அடிச்சு வெளியே எடுக்கோணும். திரும்பப் புது ஆணிதான் போடலாம்."

கத்தி சேர்க்கிற எவனும் இதற்குச் சம்மதிக்க மாட்டான். பழைய ஆணி போனால் விலை பாதியாகும், மரைக்கொம்பில் வெடிப்பு விழுந்தால் அதுவும் இல்லை. நான் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் "பித்தளை ஆணியே போடுங்கோ ஐயா" என்று சொல்லி, கத்தியைப் பட்டடைமேல் வைத்தேன், கையில் கொடுக்காமல்.

அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது தையல் மெஷின் எண்ணெயும் ஒரு போத்தல் வேண்டுமாம்.